வாங்கிய பூ வாடாமலிருக்கவும் வைத்த செடி பூக்கவும்: தேக்காவிலிருந்து ஒரு பூக்கடைக்காரியின் குறிப்புகள்

"காலையில் வாங்கிய மல்லிகை, சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் பழுத்துவிட்டதே, அக்கா" என்று முகம் வாடிக் கேட்டுக்கொண்டு வருபவர்கள், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் இருக்கும் எங்கள் கடைக்கு எப்போதும் உண்டு. அவர்கள் கையில் உள்ள பையைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். வாய் இறுக முடிந்த பிளாஸ்டிக் பை, அதன் உட்புறமெங்கும் முத்து முத்தாக வியர்த்திருக்கும் நீர், அடியில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர், அந்தத் தண்ணீரில் ஊறிப் பழுப்பேறிய மொட்டுகள். வெயில் பூவை வாட்டுகிறது என்பது உண்மைதான். ஆனால் காற்றிலேயே ஈரம் நிறைந்த சிங்கப்பூரில் வெயில் பட்டுக் கெடும் பூவைவிட வியர்த்துக் கெடும் பூவே அதிகம் என்பது இத்தனை ஆண்டுகள் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கண்டது. பூவுக்கும் செடிக்கும் ஈரம் வேண்டும், தேங்கிய நீர் கூடாது. சரமானாலும் ஜாடியானாலும் தாழ்வாரத்துத் தொட்டியானாலும், கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த ஒரு கணக்கைச் சுற்றியே அமைகின்றன.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

தேக்காவில் விற்கும் மல்லிகையில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. முற்றிய மொட்டுகளை அங்கே விடிவதற்கு முன்பே பறித்து, பனிக்கட்டியோடு தெர்மோகோல் பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். மல்லிகை மொட்டு பறித்த அன்று மாலையே விரியும் இயல்புடையது. குளிர்ச்சிதான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. ஆகவே நீங்கள் கையில் வாங்கும் மொட்டுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வயதாகியிருக்கும். அது குளிரிலிருந்து வெளியே வந்த நேரத்திலிருந்து மணிக்கணக்கு மறுபடியும் தொடங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் நேரத்துக்கு அருகில் வாங்குவதே நல்லது. வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு வியாழன் காலையே வாங்கி வைப்பதில் ஒரு பயனும் இல்லை.

பூவின் வயதைக் காட்டிக்கொடுப்பது இதழ் அல்ல, காம்பு. மொட்டு வெள்ளைவெளேரென்று இருந்தாலும் இதழும் காம்பும் சேரும் இடத்தில் தேநீர் நிறக் கோடு விழுந்திருந்தால் அது நேற்றே கடைக்கு வந்த பூ. நீர் தெளித்துப் புதிதாகக் காட்டியிருக்கிறார்கள். காம்பு பச்சையாக, நகத்தால் தொட்டால் விறைப்பாக இருக்க வேண்டும். ஒரு மொட்டை விரலிடுக்கில் வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள்; நல்ல மொட்டு கெட்டியாக இருக்கும், பழசு பஞ்சுபோல் அமுங்கும். ஜாதிமல்லியின் மொட்டில் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருப்பது அதன் பிறவி நிறம். அதைக் கெட்டுப்போன பூ என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பூவுக்காக நான் சற்று வாதாடவேண்டி வந்தது.

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, ஏறத்தாழ 45 செண்டிமீட்டர். உயரமானவர் கடையில் வாங்கினால் லாபம் என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வதுண்டு. உண்மையில் பார்க்க வேண்டியது முழத்தின் நீளத்தை அல்ல, கட்டின் நெருக்கத்தை. ஒரு முழத்தைக் கையில் தொங்கவிட்டால் நூல் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் அது இடைவெளி விட்டுக் கட்டிய சரம். விலை குறைவென்று தோன்றினாலும் பூவும் குறைவுதான்.

மார்கழி, தை மாதங்களில் பனியால் தமிழ்நாட்டில் மல்லிகை விளைச்சல் படுத்துவிடும். அதே நாட்களில்தான் பொங்கலும் தைப்பூசமும் தை முகூர்த்தங்களும் வரிசையாக வருகின்றன. அப்போது விலை ஏறுவதைக் கடைக்காரர் பேராசை என்று சொல்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. சம்பங்கியையும் கனகாம்பரத்தையும் எடுத்துக் காட்டுகிறேன். கனகாம்பரத்துக்கு மணமில்லை, ஆனால் எடையே தெரியாத அந்தப் பூ மல்லிகையைவிட நெடுநேரம் தாங்கும். நான்கு விரற்கடைக்கு ஒரு கொத்து மல்லிகை சேர்த்துக் கட்டினால் மணத்துக்கு மணமும் ஆயிற்று, செலவும் பாதியாகும். சுவாமி படத்துக்குச் செவ்வந்தி போதும். மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து சாலை வழியாக வருவதால் அது ஆண்டு முழுவதும் கிடைக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு

முதல் வேலை பையைத் திறப்பது. சரத்தை வெளியே எடுத்து, ஒரு தட்டில் பரப்பி, மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் நீர்த்துளிகள் அதற்குள் உலர்ந்துவிடும். பிறகு மூடி போட்ட டப்பா ஒன்றில் சமையலறைக் காகிதத்தை இரண்டாக மடித்து அடியில் விரித்து, சரத்தை இறுக்கிச் சுருட்டாமல் தளர்வான வட்டமாக வைத்து, மேலே இன்னொரு காகிதத்தை மூடிக் குளிர்பதனப் பெட்டியின் காய்கறி அறையில் வைக்க வேண்டும். வாழையிலை கிடைத்தால் காகிதத்தைவிட அது மேல். இலை தன் ஈரத்தைப் பூவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும், நீர்த்துளியாக உதறாது. இப்படி வைத்த நல்ல மொட்டு இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் தலையில் வைக்கலாம், ஆனால் மணம் இறங்கியிருக்கும்.

அந்த அறையில் ஆப்பிள், வாழைப்பழம், மாம்பழம் எதுவும் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது; பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு பூவையும் முதுமையாக்கி உதிர்க்கிறது. நான் தொழிலுக்குப் புதிதாக வந்த காலத்தில், மறுநாள் நிச்சயதார்த்தத்துக்கு வேண்டிய இரண்டு மாலைகளைக் கடைக் குளிர்பெட்டியில் இடமில்லாமல் என் வீட்டுப் பெட்டியில், ஒரு பை ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். விடிகாலை எடுத்துப் பார்த்தபோது ரோஜா இதழ்கள் தட்டில் கிடந்தன, நூல் மட்டும் மாலையாக இருந்தது. நான்கு மணிக்கு எழுந்து மறுபடியும் கட்டினேன்.

ஆர்க்கிட் பூவைக் குளிர்பெட்டியில் வைக்கவே வேண்டாம். அது வெப்ப நாட்டுச் செடி. வீட்டுக் குளிர்பெட்டியின் குளிரில் இதழ்கள் கண்ணாடிபோலாகி, வெளியே எடுத்ததும் துவண்டுவிடும். அறையிலேயே வெயில் படாத மேசையில் ஒன்றிரண்டு வாரம் அது தானாகவே நிற்கும்.

தலையில் வைக்கும் பூவுக்கு ஒரு சொல். ஈரக் கூந்தலில் மல்லிகை வைத்தால் அரை நாளில் கறுத்துவிடும். முடி உலர்ந்த பிறகு, எண்ணெய் அதிகம் படாத இடத்தில் வைக்க வேண்டும். குளிரூட்டப்பட்ட அலுவலகத்துக்குப் போகிறவர்கள் மொட்டாகவே வைத்துக்கொண்டு போகலாம். அங்கே அது விரியாமல் இருந்து, மாலையில் வெளியே வந்து ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது மணக்கத் தொடங்கும்.

உதிரிப்பூ வாங்கிக் கட்டுவது

சரமாக வாங்குவதைவிட உதிரிப்பூ மலிவு. கட்டத் தெரிந்தால் போதும். வாழை நார் கிடைத்தால் அதை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, நனைந்த துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெள்ளைப் பருத்தி நூலை இரட்டையாகப் போட்டுக்கொள்ளலாம். நைலான் நூல் வேண்டாம். அது காம்பை அறுக்கும்.

இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நூலின் முனையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மொட்டுகளைத் தலை இடப்புறம் பார்க்க, காம்பு நூலின் மேல் படுமாறு வைக்க வேண்டும். அந்தக் காம்புகளின் மேல் இன்னும் இரண்டு மொட்டுகளைத் தலை வலப்புறம் பார்க்கக் குறுக்காக வைத்தால் நான்கு காம்புகளும் ஓரிடத்தில் கூடும். கூடிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, வலக்கை நூலை அதைச் சுற்றி ஒரு முறை கொண்டுவந்து, பிறகு அதே நூலை விரலில் ஒரு முறை முறுக்கிக் கண்ணி ஒன்று செய்து, அந்தக் கண்ணியை ஒரு பக்கத்து மொட்டுகளின் தலைவழியே மாட்டி மெல்ல இழுத்தால் முடிச்சு காம்புகளின் மேல் உட்கார்ந்துவிடும். அடுத்த நான்கு மொட்டுகளை அதை ஒட்டினாற்போல் வைக்க வேண்டும், ஓர் அரிசி அகலம்கூட இடைவெளி இல்லாமல்.

புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: பூ விழுந்துவிடுமோ என்று பயந்து இறுக்குகிறார்கள். இறுக்கினால் மல்லிகைக் காம்பு நசுங்கி, அந்த இடத்திலிருந்தே பூ பழுத்து, கடைசியில் விழத்தான் விழுகிறது. நூல் காம்பைப் பிடித்திருக்க வேண்டும், வெட்டக் கூடாது. அந்த அளவு சொல்லில் வராது. முதல் பத்து முழம் கெட்ட பிறகு விரலுக்கே தெரிந்துவிடும். கதம்பம் கட்டுகிறவர்கள் இடையிடையே மரிக்கொழுந்தும் துளசியும் சேர்க்கும்போது அவற்றின் அடித்தண்டை ஒரே நீளத்துக்குக் கிள்ளிவிட்டால் சரம் சீராக வரும். அரளியைச் சுவாமிக்குக் கட்டுவது வழக்கம்தான், ஆனால் அதன் பால் நஞ்சு. கட்டி முடித்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் சமையலுக்குப் போக வேண்டும், குழந்தை எட்டும் இடத்தில் அந்தச் சரத்தைத் தொங்கவிடவும் கூடாது.

ஜாடியில் வைப்பது

தண்டுப் பூக்கள் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு தண்டையும் இரண்டு செண்டிமீட்டர் சாய்வாக வெட்டி, நீருக்குள் மூழ்கும் இலைகளை எல்லாம் உருவிவிடுங்கள். மூழ்கிய இலைதான் முதலில் அழுகி, நீரைக் கெடுத்து, தண்டின் வாயை அடைக்கிறது. சர்க்கரை போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். இந்த வெப்பத்தில் வெறும் சர்க்கரை நீர் பூவை வளர்ப்பதற்கு முன்பு கிருமியை வளர்த்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீரை மாற்றினால் அதுவே போதும்.

அந்த ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற கணக்கு பூவுக்காக மட்டும் சொன்னதல்ல. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளர்ந்துவிடுகிறது; அது முட்டையிடுவது நீரில் அல்ல, நீர்மட்டத்தை ஒட்டிய ஜாடிச் சுவரில். நீரை மட்டும் கொட்டிவிட்டு ஜாடியை அப்படியே நிரப்பினால் முட்டை அங்கேயே இருக்கும். பல மாதம் உலர்ந்து கிடந்தாலும் அது சாகாது. ஆகவே ஜாடியின் உட்புறத்தைத் துடைப்பானால் தேய்த்துக் கழுவ வேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீட்டைச் சோதிக்க வரும்போது பூசை அறையின் தாமரைச் செம்பையும் பார்ப்பார்கள். வீட்டில் கொசுப்புழு கண்டால் முதல் முறையே 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம்.

பூனை வளர்ப்பவர்கள் லில்லிப் பூவை வாங்கவே வாங்காதீர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரிலிருந்து அனுமதி இருப்பதால், கடையில் லில்லியைக் கேட்கும்போது வீட்டில் பூனை உண்டா என்று நான் கேட்டுவிட்டே கொடுக்கிறேன். அதன் மகரந்தத் தூள் உடம்பில் பட்டு, பூனை அதை நக்கினாலே சிறுநீரகம் பழுதாகும்.

அண்டைவீட்டாருக்குக் கொடுக்கும்போது

சீன நண்பர் வீட்டுக்கு வெள்ளைச் செவ்வந்தியோ மஞ்சள் செவ்வந்தியோ கொண்டுபோகக் கூடாது. அவர்கள் வழக்கில் அது துக்க வீட்டுப் பூ. எண்ணிக்கையில் நான்கையும் தவிர்ப்பது நல்லது. மலாய் வீட்டுத் திருமணத்துக்கு முந்தைய நாட்களில் பாண்டான் இலையை மெல்லியதாக நறுக்கி, ரோஜா இதழும் மல்லிகையும் கலந்து 'புங்கா ராம்பாய்' என்ற நறுமணக் கலவை செய்கிறார்கள். அதற்காக உதிரி மல்லிகை கேட்டு வரும் மக்சிக்களுக்கு (மலாய் அத்தைமார்களுக்கு) நூல் கோத்த சரம் பயன்படாது, விரிந்த பூவே வேண்டும். வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயிலும் குவான் யின் கோயிலும் அருகருகே இருக்கின்றன. இரண்டிலும் கும்பிடுகிற சீனப் பக்தர்கள் பலர். அவர்கள் தாமரை மொட்டு வாங்குவதைப் பார்த்துத்தான் நானும் தாமரையின் வெளியிதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்து வைக்கக் கற்றுக்கொண்டேன். மடித்த மொட்டு விரிந்து தளர்வதில்லை.

தாழ்வாரத்துத் தொட்டிகள்

என் முதல் மல்லிகைச் செடியை நான் நீர் ஊற்றியே கொன்றேன். மூன்று வேளையும் ஊற்றினேன். இலை மஞ்சளானதும் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பு நிறத்தில் கூழாக இருந்தது. அதன் பிறகு ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டு, நுனியில் ஈரம் தட்டாவிட்டால் மட்டுமே ஊற்றுகிறேன். தொட்டிக்குக் கீழே துளை இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் தொட்டி மண்ணோடு நாலில் ஒரு பங்கு பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகள் கலந்தால் நீர் நிற்காது. மண் மேற்பரப்பு இறுகி ஓடாகிவிட்டால் அதன் மேலும் நீர் தேங்கிக் கொசு வரும் என்பதால் வாரம் ஒரு முறை பழைய முள்கரண்டியால் கிளறிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதையும் அன்றாடம் கவிழ்க்க வேண்டும். நான் தட்டே வைப்பதில்லை, அளந்துதான் ஊற்றுகிறேன். கீழ்மாடி வீட்டுத் துணியில் செம்மண் நீர் சொட்டி ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

எந்தச் செடி வைப்பது என்பதைத் தீர்மானிப்பது தாழ்வாரத்தின் திசை. கிழக்கு, மேற்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஆண்டு முழுவதும் நாளுக்கு மூன்று நான்கு மணி நேர வெயில் விழும். அங்கே மல்லிகை, துளசி, செம்பருத்தி எல்லாம் வரும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்று மேலே இருப்பதால் வடக்குப் பார்த்த வீட்டுக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும் தெற்குப் பார்த்த வீட்டுக்கு மற்ற பாதியிலும் மட்டுமே நேர்வெயில் எட்டிப்பார்க்கும். அத்தகைய இடத்துக்கு வெற்றிலைக்கொடியே ஏற்றது. நிழலில் அதன் இலை இன்னும் மென்மையாக வரும். தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமை வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் உண்டு. 1893இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டு 1981இல் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தப் பூவுக்கு நாள் முழுவதும் திறந்த வெயில் வேண்டும். தாழ்வாரத்தில் அது கொடியாக நீளுமே தவிர பூக்காது. பூங்காவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு விடும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஒவ்வொரு கிளையையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும். வெட்டாத செடி பச்சைப் பசேலென்று இலையாகவே நிற்கும். "செடி நன்றாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை" என்று சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோர் கத்தரிக்கோலை எடுக்க மனம் வராதவர்கள். துளசியில் கதிர் வந்ததும் கிள்ளிவிட்டால் இலை பெருகும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடியாதலால் வண்ணத்துப்பூச்சி தேடி வந்து முட்டையிடும். பறவை எச்சம்போல் இலை மேல் ஒட்டியிருப்பது எச்சமல்ல, குட்டிப் புழு. ஒன்றிரண்டு என்றால் நான் விட்டுவிடுகிறேன்.

தாழ்வாரம் எல்லாரும் நடக்கும் பொது வழி என்பதால், தொட்டிகளை வைக்கும்போது நடப்பதற்கு 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பையும் அவசர மருத்துவ உதவியையும் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தூக்குப் படுக்கை திரும்ப வேண்டுமே. கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்கவே கூடாது. வீட்டில் இடமில்லை என்பதற்காகப் பூங்காவிலும் சாலையோரத்திலும் உள்ள மரங்களிலிருந்து பூசைக்குப் பூப் பறிப்பதும் சட்டப்படி குற்றம்.

வாடிய பிறகு

சுவாமிக்குச் சாத்திய மாலையைக் குப்பையில் போட மனம் வராமல் ஓடும் நீரில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் அது வழக்கம். இங்கே ரோச்சோர் கால்வாயில் விழும் மாலை மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பின்னர் அது நாம் குடிக்கும் நீராகிவிட்டது. மாலையை நூலோடும் ஜிகினாவோடும் அப்படியே தொட்டியில் புதைப்பதும் கூடாது. நூலை ஓர் இடத்தில் அறுத்து உருவினால் பூக்கள் தாமாகக் கழன்று விழும். அவற்றைச் செய்தித்தாளில் பரப்பி, சருகாக நொறுங்கும்வரை இரண்டு மூன்று நாள் உலரவிட்டு, அதன் பிறகு ஒரு கைப்பிடியை மல்லிகைத் தொட்டியின் மேல்மண்ணோடு கலந்துவிடலாம். ஈரமாகவே போட்டால் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து சின்ன ஈக்கள் மொய்க்கும்.